லித்தியத்தோடு வாழ்வது: மாத்திரையும் அதைக் கவனிக்கும் மருத்துவரும்

இருமுனை மனநிலைக் கோளாறு என்று எனக்குச் சொல்லப்பட்டபோது நான் பி.எட். படித்துக்கொண்டிருந்தேன். இப்போது என் மகள் பதினொன்றாம் வகுப்பில் இருக்கிறாள். இடைப்பட்ட காலத்தின் பெரும்பகுதியை, தஞ்சாவூர் மாவட்டத்தின் ஒரு சிறிய ஊரில், அரசு உதவிபெறும் பள்ளியில் கணக்கு ஆசிரியையாகப் பணிபுரிந்தபடி, லித்தியம் கார்பனேட் என்ற மாத்திரையுடன் கழித்திருக்கிறேன். என் நோயைப் பற்றி அறிந்தவர்கள் சிலர், தங்கள் வீட்டிலும் ஒருவருக்கு இது வந்துவிட்டது என்று தயங்கித் தயங்கிப் பேச வருவதுண்டு. அவர்கள் முதலில் கேட்பது, "டீச்சர், நீங்க என்ன மாத்திரை சாப்பிடறீங்க?" என்பதாகவே இருக்கும். என் மாத்திரையின் பெயரைத் தெரிந்துகொள்வதால் அவர்களுக்குப் பெரிய பயன் எதுவுமில்லை. யாரிடம் பார்க்கிறீர்கள், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை போகிறீர்கள், உடம்பும் மனமும் நன்றாக இருக்கும் மாதங்களிலும் போகிறீர்களா என்று கேட்டால் என்னிடம் சொல்ல நிறைய இருக்கிறது. இந்தக் கட்டுரை அதற்காகத்தான்.

இந்த நோய் பலருக்கு மனச்சோர்வாகவே தொடங்குகிறது. எனக்கும் அப்படித்தான். முதலில் பார்த்த மருத்துவர் மனச்சோர்வுக்கான மாத்திரை மட்டும் எழுதிக் கொடுத்தார். சில வாரங்களில் சோர்வு போனது. அதற்குப் பின் தூக்கமும் போனது. இரவெல்லாம் விழித்திருந்தும் களைப்பே இல்லாமல், விடுதியில் எல்லோரையும் எழுப்பி வைத்துக்கொண்டு, ஒரு புதிய பயிற்சி நிலையம் தொடங்குவதற்காகப் பத்துப் பேரிடம் கடன் கேட்டுக்கொண்டிருந்தேன். இருமுனைக் கோளாறு உள்ள ஒருவருக்கு மனச்சோர்வு மாத்திரையைத் தனியாகக் கொடுத்தால் சிலருக்கு அது மனநிலையை எதிர்முனையான மிகையெழுச்சிக்குத் தள்ளிவிடக்கூடும் என்பதை நான் பின்னர்தான் அறிந்தேன். ஆகவே மனச்சோர்வுக்காக முதல் முறை மருத்துவரிடம் செல்பவர்கள், இதற்கு முன் எப்போதாவது தூக்கமே தேவைப்படாத, பேச்சும் செலவும் கட்டுக்கடங்காத நாட்கள் இருந்தனவா, பெற்றோர் வழியில் யாருக்காவது இப்படி இருந்ததா என்பதை மருத்துவர் கேட்காமலேயே சொல்லிவிட வேண்டும். "எங்க சித்தப்பா ஒரு மாதிரி" என்று வீட்டில் பேசிப் பழகிய அந்த ஒரு வரி, சிகிச்சையின் திசையையே மாற்றக்கூடிய தகவலாக இருக்கலாம்.

லித்தியம் பழைய மருந்து. 1949-இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜான் கேட் என்ற மனநல மருத்துவர், மிகையெழுச்சி நிலையில் இருந்த நோயாளிகளுக்கு இதைக் கொடுத்துப் பலன் கண்டு எழுதினார். அதே ஆண்டில் அமெரிக்காவில், இதய நோயாளிகளுக்குச் சமையல் உப்புக்கு மாற்றாக விற்கப்பட்ட லித்தியம் குளோரைடால் நஞ்சேறிச் சிலர் இறந்தார்கள். அவர்களுக்கு அளவு சொன்னவர் யாருமில்லை, இரத்தத்தில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்த்தவரும் இல்லை. இரத்தத்தில் லித்தியத்தை அளந்து பார்க்கும் முறை பழக்கத்துக்கு வந்த பிறகே இது நம்பிக்கையுடன் கொடுக்கக்கூடிய மருந்தாயிற்று. அமெரிக்காவில் இதற்கு ஒப்புதல் கிடைக்க 1970 வரை ஆயிற்று. இந்த வரலாற்றை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். இந்த மருந்தைப் பொறுத்தவரை, கவனித்துக்கொண்டிருக்கும் ஒரு கண் இருப்பதும் மருந்தின் ஒரு பகுதியாகவே இருக்கிறது.

அதற்குக் காரணம் சிறுநீரகம். லித்தியம் கல்லீரலில் சிதைவதில்லை. அப்படியே சிறுநீரகத்தின் வழியாக வெளியேறுகிறது. சிறுநீரகம் அதை ஏறத்தாழ உப்பைப் போலவே நடத்துகிறது. உடம்பில் நீரோ உப்போ குறைந்தால், உப்பைப் பிடித்துவைக்க முயலும் சிறுநீரகம் லித்தியத்தையும் சேர்த்துப் பிடித்துவைத்துக்கொள்கிறது. மாத்திரை அதே மாத்திரைதான். இரத்தத்தில் அளவு மட்டும் ஏறிவிடுகிறது. நீண்டகாலச் சிகிச்சையில் பெரும்பாலும் லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் வரை, சிலருக்கு 1.0 வரை வைத்திருக்கிறார்கள். 1.5-ஐத் தாண்டினால் நஞ்சின் அடையாளங்கள் தெரியத் தொடங்கலாம். 2-க்கு மேல் உயிருக்கே ஆபத்து. பயன் தரும் அளவுக்கும் தீங்கு செய்யும் அளவுக்கும் இடையே இருக்கும் இடைவெளி அவ்வளவு குறுகியது.

இரத்தம் கொடுப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. கடைசி மாத்திரை சாப்பிட்டுச் சரியாகப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து எடுக்க வேண்டும். நான் இரவு ஒன்பது மணிக்குச் சாப்பிடுகிறேன், காலை ஒன்பது மணிக்கு ஆய்வகத்தில் இருக்க வேண்டும், ஒன்பது இருபதுக்குப் பள்ளியில் மணி அடித்துவிடும். "காலையில ஆறு மணிக்கே வந்து கொடுத்துட்டுப் போயிடுங்களேன், வெறும் வயித்துல இருந்தா போதும்" என்று ஆய்வகத்தில் அன்போடுதான் சொல்வார்கள். இந்தப் பரிசோதனைக்கு வெறும் வயிறு முக்கியமில்லை, நேரம்தான் முக்கியம் என்று நான் ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டியிருக்கும். முன்னதாக எடுத்தால் அளவு கூடுதலாகக் காட்டும், மருத்துவர் காரணமில்லாமல் மாத்திரையைக் குறைக்க நேரும். தலைமையாசிரியரிடம் அந்த ஒரு நாள் முதல் பாட வேளைக்கு முன்கூட்டியே அனுமதி வாங்கிவிடுகிறேன். அவரிடம் காரணம் சொல்லியிருக்கிறேன், அதனால் எனக்குத் தீங்கு எதுவும் நேரவில்லை. ஆனால் எல்லாருடைய பணியிடமும் அப்படி இருக்காது என்பதும் எனக்குத் தெரியும்.

ஒருமுறை அளவு 2.6 என்று அறிக்கை வந்தது. தாளைக் கையில் வாங்கியபோது என் கணவர் முகம் வெளிறிவிட்டது. எனக்கோ வாந்தியில்லை, வயிற்றுப்போக்கில்லை, நடை தள்ளாடவில்லை. முதல் நாள்தான் மூன்று வகுப்புகளுக்குக் கணக்கு நடத்தியிருந்தேன். மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தோம். உடனே நேரில் வரச் சொன்னார். தாளைப் பார்ப்பதற்கு முன் என்னைப் பார்த்தார்: இரு கைகளையும் நீட்டச் சொன்னார், நேர்கோட்டில் நடக்கச் சொன்னார், சில வாக்கியங்கள் பேசவைத்தார். பிறகு அமைதியாக, "டீச்சர், ரத்தம் எடுத்த குழாய்க்கு என்ன கலர் மூடி?" என்று கேட்டார். பச்சை என்றேன். இரத்தம் உறையாமல் இருப்பதற்காகச் சில பச்சை மூடிக் குழாய்களில் லித்தியம் ஹெப்பாரின் என்ற பொருளைத் தடவியிருப்பார்கள். அந்தக் குழாயில் எடுத்த இரத்தத்தில் லித்தியத்தை அளந்தால், குழாயில் இருக்கும் லித்தியமும் சேர்ந்துதான் கணக்கில் வரும். அன்றே சிவப்பு மூடிக் குழாயில் மறுபடியும் எடுக்கவைத்தார். அளவு வழக்கம்போல 0.7-ஐ ஒட்டியே இருந்தது. அன்றிலிருந்து, ஊசியை ஏற்றுவதற்கு முன் குழாயின் மூடியைப் பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது. எண்ணை மட்டும் பார்த்து மாத்திரையை நிறுத்தச் சொல்பவராக அவர் இருந்திருந்தால், எந்தக் குற்றமும் செய்யாத மருந்தைத் திடீரென நிறுத்தி, அதன் விளைவாக நோய் திரும்பி வந்திருக்கக்கூடும்.

அடுத்து வந்தது பொய்யான அபாயமன்று. எங்கள் ஊரில் சிக்குன்குனியா பரவிய சமயம், காய்ச்சலும் மூட்டுவலியும் தாங்காமல் அருகில் இருந்த ஒரு மருத்துவமனைக்குப் போனேன். லித்தியம் சாப்பிடுகிறேன் என்று சொன்னேன். அங்கிருந்தவர் தலையை ஆட்டிக்கொண்டே, வலிக்கு டைக்ளோஃபினாக் ஊசி ஒன்றைப் போட்டு, அதே மருந்தை மாத்திரையாகவும் ஐந்து நாளைக்கு எழுதிக் கொடுத்தார். டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் போன்ற வலிநிவாரணிகள் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றுவதைக் குறைத்துவிடும். காய்ச்சலில் நான் சரியாகத் தண்ணீர் குடிக்கவுமில்லை. இரண்டும் சேர்ந்தன. காபி டம்ளரைப் பிடித்தபோது கை வழக்கமான மெல்லிய நடுக்கமாக இல்லாமல் உதறியது. காபி டபராவுக்கு வெளியே சிந்தியது. வயிற்றைப் புரட்டியது. நான் பேசியது குழறலாக இருப்பதைக் கணவர்தான் முதலில் கவனித்தார். மருத்துவர் தொலைபேசியிலேயே லித்தியத்தையும் வலி மாத்திரையையும் அந்த நொடியே நிறுத்தச் சொல்லி, சிறுநீரகப் பரிசோதனையும் நரம்பு வழியே உப்புநீர் ஏற்றும் வசதியும் உள்ள பெரிய மருத்துவமனைக்கு நேரே போகச் சொன்னார். அளவு 1.8 இருந்தது. உப்புநீர் ஏற்றினார்கள், சில மணி நேரத்துக்கு ஒருமுறை இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், அளவு இறங்கியது, வீடு திரும்பினேன்.

அன்று எங்களுக்குக் கைகொடுத்தது ஒரு தொலைபேசி எண். நன்றாக இருந்த ஒரு நாளில், வழக்கமான சந்திப்பின்போது, "அவசரம்னா யாரைக் கூப்பிடணும், ராத்திரியில என்ன செய்யணும்?" என்று கேட்டு, அவர் சொன்னதை எழுதி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவைத்திருந்தோம். லித்தியம் சாப்பிடும் ஒவ்வொருவர் வீட்டிலும் இந்தக் கேள்விக்கு எழுதப்பட்ட பதில் இருக்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன். கை உதறல், தொடர் வாந்தி, வயிற்றுப்போக்கு, குழறல், தள்ளாட்டம், மந்தமான தூக்கக் கலக்கம் ஆகியவற்றை வீட்டில் உள்ள எல்லாரும் அறிந்திருக்க வேண்டும். நோயாளியின் மூளையே மந்தமாகும் நேரத்தில் அவர் தானாகவே கண்டுபிடித்துக்கொள்வார் என்று எதிர்பார்க்க முடியாது.

அதற்குப் பிறகு ஒரு சிறிய அட்டையில், நான் லித்தியம் சாப்பிடுபவள், வலிக்கும் காய்ச்சலுக்கும் பாராசிட்டமால் மட்டுமே தரவும், இரத்த அழுத்த மாத்திரையோ நீர் பிரியும் மாத்திரையோ தொடங்கும் முன் என் மனநல மருத்துவரிடம் பேசவும் என்று எழுதிப் பணப்பையில் வைத்திருக்கிறேன். பல் மருத்துவரிடமும் எலும்பு மருத்துவரிடமும் வாயால் சொல்வதோடு நிறுத்தாமல் அட்டையை மேசைமேல் வைத்துவிடுகிறேன். வாயால் சொன்னது காற்றோடு போய்விடலாம். தாளில் எழுதியதைப் பெரும்பாலும் படித்துவிடுகிறார்கள். இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கப்படும் ஹைட்ரோகுளோரோதயசைடு, டெல்மிசார்ட்டான், எனாலப்ரில் ஆகியவையும் லித்தியத்தின் அளவை ஏற்றக்கூடியவை. நாற்பது வயதுக்குப் பின் இவற்றில் ஏதேனும் ஒன்று பலருடைய வாழ்க்கைக்குள் வந்துவிடும் என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன்.

நம் ஊர் வாழ்க்கையில் இந்த மருந்தோடு உரசக்கூடிய வேறு சிலவும் இருக்கின்றன. வெளிநாட்டில் அச்சிட்ட கையேடுகளில் அவை பெரும்பாலும் இருப்பதில்லை. என் மாமியாருக்கு மூட்டுவலிக்கு நாட்டு மருந்து நன்றாகக் கேட்டது. சிக்குன்குனியா விட்டுப்போன வலிக்கு எனக்கும் அதையே உப்பில்லாப் பத்தியத்தோடு கொடுக்க விரும்பினார். "ஒரு மண்டலம் உப்பு இல்லாம இரும்மா, வலி பறந்துடும்" என்றார். அக்கறையில் சொன்னது. ஆனால் உப்பைத் திடீரென நிறுத்துவது லித்தியம் சாப்பிடுபவருக்கு நேரடியான ஆபத்து. நான் மறுத்தால் அவமதிப்பாகத் தெரியும் என்று, அடுத்த சந்திப்புக்கு அத்தையையும் அழைத்துப் போனேன். மருத்துவர் அவருக்கு அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, உப்புக்கும் மாத்திரைக்கும் உள்ள தொடர்பை அவருடைய மொழியிலேயே விளக்கினார். அதற்குப் பின் எங்கள் வீட்டில் என் சாப்பாட்டு உப்பை அத்தைதான் காவல் காக்கிறார். ஆடி மாத விரதத்தின்போதும் அப்படித்தான்: விரதமே வேண்டாம் என்று மருத்துவர் சொல்லவில்லை, எத்தனை மணி நேரம், தண்ணீர் குடிப்பீர்களா, என்ன சாப்பிட்டு முடிப்பீர்கள் என்று கேட்டுவிட்டு, தண்ணீரும் உப்புப் போட்ட நீர்மோரும் தடையில்லாமல் குடிப்பதென்றால் ஒருபொழுது இருக்கலாம் என்றார். அக்னி நட்சத்திர வெயிலில் தேர்வு மையப் பணி, திருவிழாவில் நெடுநேரம் நிற்பது, வயிற்றுப்போக்கு என்று உடம்பிலிருந்து நீர் வடியும் எந்தச் சூழ்நிலையிலும் எனக்கு ஒரே விதிதான். நீரும் உப்புச்சர்க்கரைக் கரைசலும் எடுத்துக்கொண்டு, அன்றிரவு மாத்திரையைச் சாப்பிடலாமா என்று தொலைபேசியில் கேட்டுவிடுவேன்.

இனி, மருத்துவரின் அறையில் நமக்குக் கிடைக்கும் பத்து நிமிடங்களைப் பற்றி. நம் மருத்துவர்களின் வாசலில் எவ்வளவு கூட்டம் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். உள்ளே போனதும் "எப்படி இருக்கீங்க?" என்பார்கள், "பரவாயில்லை" என்போம், பழைய சீட்டையே மறுபடி எழுதிக் கொடுப்பார்கள். இதில் மருத்துவரை மட்டும் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. மூன்று மாத வாழ்க்கையை ஒரு "பரவாயில்லை"க்குள் அடைத்துக் கொடுத்தால் அவரால் அதைப் பிரித்துப் பார்க்க முடியாது. நான் ஒரு நோட்டில் தினமும் ஒரு வரி எழுதுகிறேன்: எத்தனை மணி நேரம் தூங்கினேன், மனநிலை கீழே மூன்றிலிருந்து மேலே மூன்று வரை எங்கே இருந்தது, மாதவிலக்கு நாட்கள், மாத்திரை விட்டுப்போயிருந்தால் அது. கணக்கு ஆசிரியையாக இருப்பதால் மாதக் கடைசியில் அதை வரைபடமாகப் போட்டுவிடுவேன். வரைபடம் இல்லாவிட்டாலும் குறையில்லை. சந்திப்புக்கு முதல் நாள் இரவு, மிக முக்கியமான மூன்று கேள்விகளை முதல் பக்கத்தில் எழுதி வைப்பேன். நோட்டை நீட்டினால் மருத்துவர் ஒரு நிமிடத்தில் படித்துவிடுகிறார், மிச்சம் ஒன்பது நிமிடம் எங்களுக்குப் பேசக் கிடைக்கிறது.

அந்த நோட்டுதான் என் தைராய்டையும் காட்டிக் கொடுத்தது. ஒரு மழைக்காலத்தில் பத்து மணி நேரம் தூங்கியும் சோர்வு, எடை ஏற்றம், எதிலும் பிடிப்பின்மை என்று வாரக்கணக்கில் எழுதியிருந்தேன். மனச்சோர்வு திரும்பிவிட்டது என்றே வீட்டில் எல்லோரும் நினைத்தோம். மருத்துவர் புதிய மாத்திரை எதுவும் சேர்க்காமல் முதலில், தைராய்டுச் சுரப்பு குறைந்தால் ஏறும் டி.எஸ்.எச். என்ற ஹார்மோனின் பரிசோதனைக்கு எழுதினார். லித்தியம் தைராய்டுச் சுரப்பைக் குறைக்கக்கூடியது, பெண்களுக்கு இன்னும் அதிகமாக. என் டி.எஸ்.எச். அளவு மிகவும் ஏறியிருந்தது. காலையில் ஒரு தைராக்சின் மாத்திரை சேர்ந்தது, சில வாரங்களில் சோர்வு விலகியது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தைராய்டு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், கால்சியம் ஆகிய மூன்றையும் லித்தியம் அளவோடு சேர்த்துப் பார்ப்பது இதற்காகத்தான். மருத்துவர் மறந்தாலும் நாம் மறக்கக் கூடாத பட்டியல் இது.

பக்கவிளைவைச் சொல்வதற்கு நாம் கூசுகிறோம். கரும்பலகையில் எழுதும்போது கை நடுங்குவதை மாணவர்கள் பார்த்துவிடுவார்களோ என்ற அச்சம் எனக்கு நெடுநாள் இருந்தது. அதைச் சொன்ன பிறகு, ஆஸ்துமா உண்டா என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு, பிராப்ரனலால் சிறிய அளவில் கொடுத்தார்; கோடு நேரானது. அதைவிடச் சொல்லக் கடினமாக இருந்தது, என் சிந்தனையின் மீது ஒரு திரை விழுந்ததைப் போன்ற மந்தம். கணக்கின் விடை முன்பெல்லாம் கண்ணில் தெறிக்கும். இப்போது தேடிப் போக வேண்டியிருக்கிறது என்று சொன்னேன். நோய் அடங்கியிருப்பதே பெரிது, இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் என் அளவுகளை எல்லாம் வரிசையாகப் பார்த்து, 0.9-ஐ ஒட்டி இருப்பதை 0.7-க்கு மெதுவாக இறக்கிப் பார்க்கலாம், தூக்கம் குறைந்தால் உடனே சொல்லுங்கள் என்றார். அளவை மாற்றியபின் ஒரு வாரம் கழித்து மறுபடி இரத்தம் பார்த்தோம். திரை முழுவதும் விலகியது என்று சொல்ல மாட்டேன். விலகிய அளவு எனக்குப் போதுமானதாக இருந்தது. மருந்தின் குறையைச் சொன்னால் அதை நோயாளியின் பிடிவாதமாகப் பார்க்காத மருத்துவரே நீண்டகாலத்துக்கு ஏற்றவர் என்பது என் முடிவு.

பெண்களுக்கு என்று சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. முதலில் என்னை நிலைப்படுத்தியது சோடியம் வால்ப்ரோயேட். திருமணப் பேச்சு தொடங்கியபோதுதான் இப்போதைய மருத்துவரிடம் மாறினேன். அவர் முதல் சந்திப்பிலேயே, குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் இருக்கிறதா என்று கேட்டார். அதற்கு முன் யாரும் என்னிடம் கேட்டதில்லை. கருவில் இருக்கும் குழந்தைக்கு முதுகுத்தண்டுக் குறைபாட்டையும், பின்னாளில் அறிவு வளர்ச்சிப் பாதிப்பையும் உண்டாக்கும் வாய்ப்பு வால்ப்ரோயேட்டுக்கு அதிகம். கருத்தரிக்கும் வயதில் உள்ள பெண்களுக்கு இதைத் தவிர்க்க வேண்டும் என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட நிலைப்பாடு. திருமணத்துக்கு முன்பே படிப்படியாக லித்தியத்துக்கு மாற்றினார். என் கணவராக வரப்போகிறவரை அழைத்து, நான் உடனிருக்க, நோயைப் பற்றி அவர் கேட்ட எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னார். லித்தியமும் முற்றிலும் ஆபத்தில்லாததன்று. முதல் மூன்று மாதங்களில் குழந்தையின் இதயக் குறைபாட்டு வாய்ப்பை ஓரளவு கூட்டுகிறது, அளவு கூடினால் அந்த வாய்ப்பும் கூடுகிறது. மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பும் வாய்ப்பும் இருக்கிறது. இரண்டையும் எங்கள் முன் வைத்து, மகப்பேறு மருத்துவரையும் சேர்த்துக்கொண்டு, குறைந்த அளவில் தொடர்வது என்று முடிவு செய்தோம். கர்ப்ப காலத்தில் சிறுநீரகம் வேகமாக வேலை செய்வதால் லித்தியம் அளவு இறங்கும்; மாதம் ஒருமுறையும் கடைசி மாதத்தில் வாரம் ஒருமுறையும் பார்த்தோம். ஐந்தாம் மாதத்தில் குழந்தையின் இதயத்துக்கென்றே தனி ஸ்கேன் எடுத்தோம்.

பிரசவத்துக்குப் பின்னான வாரங்களே இந்த நோயில் மிக ஆபத்தானவை. தூக்கம் கெடக் கூடாது என்பது மருத்துவரின் முதல் கட்டளை. லித்தியம் தாய்ப்பாலில் கலப்பதால் தாய்ப்பால் கொடுப்பதில்லை என்று முன்கூட்டியே முடிவெடுத்திருந்தோம். பார்க்க வந்த ஒவ்வொருவரும் "ஏன் பால் கொடுக்கலை?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி என்னை எவ்வளவு வருத்தியது என்பதை எழுதாமல் இருக்க முடியவில்லை. என் அம்மாவும் கணவரும் இரவுகளைப் பங்கிட்டுக்கொண்டு குழந்தைக்குப் பால் புகட்டினார்கள்; நான் அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினேன். நோய் திரும்பவில்லை. மகள் நலமாக வளர்ந்தாள்.

நன்றாக இருக்கும் காலத்தில் எடுக்க வேண்டிய முடிவுகளில் இன்னொன்று, நான் நிலை மாறும்போது யார் என்ன செய்யலாம் என்பது. மிகையெழுச்சி தொடங்கும்போது அது நோய் என்று நோயாளிக்குத் தோன்றாது. இதுவரை இல்லாத தெளிவாகத்தான் தோன்றும். ஆகவே என் தொடக்க அடையாளங்களை நானும் கணவரும் மருத்துவரும் சேர்ந்து எழுதினோம்: தொடர்ந்து இரண்டு இரவுகள் ஐந்து மணி நேரத்துக்குக் குறைந்த தூக்கம், விடியுமுன் பழைய தோழிகளுக்குத் தொலைபேசி, புடவைக் கடையில் ஒரே நாளில் ஆறேழு புடவை, வகுப்பில் பாடத்தை விட்டு வேகமாகத் தாவும் பேச்சு. இவற்றில் இரண்டு சேர்ந்தால் கணவர் என்னிடம் சொல்ல வேண்டும். நான் மறுத்தாலும் மருத்துவரை அவர் அழைக்கலாம். "என்னங்க, நான் அப்போ உங்க மேல கோபப்படுவேன், அதுக்காக விட்டுடாதீங்க" என்று நானே அவரிடம் சொல்லி, அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டேன். 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, இதற்குச் சட்ட வடிவமும் தந்திருக்கிறது. எப்படிச் சிகிச்சை வேண்டும், எப்படி வேண்டாம் என்று முன்கூட்டியே எழுத்தில் அறிவுறுத்தலாம், நம் சார்பில் பேச ஒரு பிரதிநிதியை நியமிக்கலாம். நம் மருத்துவக் குறிப்புகளைக் கேட்டுப் பெறும் உரிமையும், அவை இரகசியமாகக் காக்கப்படும் உரிமையும் அதே சட்டத்தில் உள்ளன.

மருந்தை எப்போது நிறுத்தலாம் என்ற கேள்வி எனக்கும் வரும். மருத்துவர்கள் வழக்கமாகச் சர்க்கரை நோயையும் இரத்த அழுத்தத்தையும் ஒப்பிட்டுப் பதில் சொல்வார்கள். அந்த ஒப்பீட்டை நான் பாதிதான் ஏற்கிறேன். சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவரைப் பார்த்து ஊர் பேசுவதில்லை, அவருடைய கோபத்தையும் மகிழ்ச்சியையும் யாரும் நோயோ என்று சந்தேகிப்பதில்லை. நிறுத்த விரும்புவது குற்றமில்லை. அந்த விருப்பத்தை மருத்துவரிடம் சொல்லாமல் மறைப்பதே ஆபத்து. லித்தியத்தைத் திடீரென நிறுத்தினால் மிகையெழுச்சி விரைவில் திரும்பும் வாய்ப்பும், தற்கொலை எண்ணத்தின் அபாயமும் கூடுகின்றன. நிறுத்தியே ஆக வேண்டுமென்றால் குறைந்தது நான்கு வாரம், கூடுமானால் மூன்று மாதம் வரை சிறிது சிறிதாகக் குறைப்பதே முறை. நான் கேட்டபோது என் மருத்துவர் முகம் சுளிக்கவில்லை. எத்தனை முறை நோய் வந்தது, எவ்வளவு கடுமையாக வந்தது, வீட்டில் துணை எப்படி என்பதையெல்லாம் என்னோடு சேர்ந்து எண்ணிப் பார்த்து, தொடர்வதே நல்லது என்று தமக்குத் தோன்றுவதைக் காரணத்தோடு சொன்னார். முடிவை என்னிடம் விட்டார். தொடர்கிறேன்.

மாத்திரை கிடைப்பதிலும் கவனம் வேண்டும். லித்தியம் விலை குறைந்தது, வாங்குவோரும் குறைவு. எங்கள் ஊர்க் கடைகளில் எப்போதும் இருப்பதில்லை. பத்து நாள் மாத்திரை மீதமிருக்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிடுகிறேன். "அந்தக் கம்பெனி வரலை, இது தரட்டுமா?" என்று அவர் கேட்டால், மில்லிகிராம் அளவு மட்டுமின்றி, மெதுவாகக் கரையும் வகையா சாதாரண வகையா என்பதையும் பார்க்கிறேன், வகை மாறினால் மருத்துவரிடம் கேட்காமல் வாங்குவதில்லை. செலவு தாங்க முடியாதவர்கள் மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் வரும் அரசு மருத்துவமனையை விசாரிக்கலாம். அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகளை அரசு மருத்துவமனைகளில் இலவசமாகத் தர வேண்டும் என்று மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. 2020 ஊரடங்கின்போது தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள் வெளிவந்த பிறகு, தஞ்சாவூருக்குப் போகாமலேயே காணொலியில் பேசிச் சீட்டு வாங்கினேன். மருத்துவர் கிடைக்காத இரவுகளில் பேச, 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் 14416 இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். மருத்துவர் மாற நேர்ந்தால், இதுவரை சாப்பிட்ட எல்லா மருந்தும், எது ஏன் நிறுத்தப்பட்டது என்பதும், லித்தியம் அளவுகளின் வரிசையும் அடங்கிய இரண்டு பக்கக் குறிப்பைப் பழையவரிடம் கேட்டு வாங்கிவிட வேண்டும். அது இல்லாவிட்டால் புதியவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து சோதித்துப் பார்க்க வேண்டியதாகிவிடும்.

இப்போது எங்கள் கவனம் சிறுநீரகத்தின் மேல் இருக்கிறது. நீண்டகாலம் லித்தியம் சாப்பிடுபவர்களில் சிலருக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் மெதுவாகக் குறையலாம். என் கடைசி இரண்டு அறிக்கைகளில் அது கொஞ்சம் இறங்கியிருக்கிறது. பதறும் அளவுக்கு இல்லை என்று மருத்துவர் சொல்கிறார், ஆனால் ஆறு மாதத்துக்குப் பதிலாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கத் தொடங்கியிருக்கிறோம். சிறுநீரக மருத்துவர் ஒருவரின் கருத்தையும் கேட்டிருக்கிறோம். அளவை இன்னும் சற்றுக் குறைத்து 0.6-இல் நிறுத்தித் தொடர்வது, அல்லது வேறு மருந்துக்குப் படிப்படியாக மாறுவது என இரண்டு வழிகள் எங்கள் முன் உள்ளன. மாறினால் எத்தனை மாதம் ஆகும், அந்த மாதங்களில் பொதுத்தேர்வுப் பணி வந்தால் என்ன செய்வது, நோய் தலைகாட்டினால் பழைய மருந்துக்கே திரும்ப முடியுமா என்ற மூன்று கேள்விகளை அடுத்த சந்திப்புக்காக நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.